நிரல் திருத்தியைப் பதிப்புக் கட்டுப்பாட்டு வழங்கியுடன் இணைத்தல்

நிரல் திருத்தியைப் பதிப்புக் கட்டுப்பாட்டு வழங்கியுடன் இணைத்தல் என்பது, நிரலாளர் ஒருவர் தாம் மூலநிரல் எழுதும் திருத்திக்குள் இருந்தபடியே, அந்நிரலின் மாற்ற வரலாற்றைத் தொலைவில் உள்ள ஒரு வழங்கியில் சேர்க்கவும், பிறர் செய்த மாற்றங்களை அங்கிருந்து பெறவும் செய்யப்படும் ஏற்பாடு ஆகும். வழக்கில் எடிட்டர் எனப்படும் திருத்தியாக ஈமாக்ஸ், எக்லிப்ஸ், விசுவல் ஸ்டுடியோ கோட் போன்றவற்றுள் எதுவும் இருக்கலாம். வழங்கியில் கிட், சப்வர்சன், சிவிஎஸ் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகளுள் ஒன்று இயங்கும்.

பெயர் இவ்வாறு இருப்பினும், பெரும்பாலான திருத்திகள் வழங்கியுடன் நேரடியாகப் பேசுவதில்லை. திருத்திக்கும் வழங்கிக்கும் இடையில் குறைந்தது ஒரு மென்பொருளாவது இருக்கும்; சில வேளைகளில் மூன்று நான்கும் இருக்கும். இணைப்பு செயற்படாதபோது கோளாறு பெரும்பாலும் இந்த இடைப்பட்ட அடுக்குகளிலேயே காணப்படுகிறது. ஆயினும் பிழைச் செய்தி திருத்தியின் சாளரத்தில் தோன்றுவதால் பயனர் திருத்தியையே நீக்கி மீண்டும் நிறுவிப் பார்ப்பது வழமை. அதனால் பயன் விளைவது அரிது.

வரலாறு

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்டு உருவாக்கிய எஸ்சிசிஎஸ், 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிச்சி உருவாக்கிய ஆர்சிஎஸ் ஆகிய தொடக்ககால முறைமைகளில் வழங்கி என்ற ஒன்றே இல்லை. கோப்பும் அதன் வரலாறும் ஒரே கணினியில் இருந்தன. ஒருவர் ஒரு கோப்பைப் பூட்டினால் அவர் விடுவிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

டிக் குரூன் 1986இல் வெளியிட்ட சில சிறுநிரல்களிலிருந்து தோன்றிய சிவிஎஸ், பூட்டாமலேயே பலர் ஒரே கோப்பில் வேலை செய்ய இடமளித்தது. 1990களில் அதற்குப் பிணைய வசதி சேர்க்கப்பட்ட பின்னரே, வழங்கியுடன் இணைதல் என்னும் இக்கட்டுரையின் பொருள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது எனலாம். ஏறத்தாழ இதே காலத்தில் ஈமாக்ஸ் திருத்திக்காக எரிக் ரேமண்ட் 1992இல் விசி என்னும் கூறை எழுதினார். கண்ட்ரோல்-எக்ஸ், வி, வி என்ற ஒரே விசைத்தொடர், கோப்பின் அப்போதைய நிலையைப் பார்த்து அடுத்துச் செய்ய வேண்டியது எதுவோ அதைச் செய்தது. கோப்பின் நிலையை அறிய ஒவ்வொரு முறையும் பிணையத்தின் வழியே வழங்கியைக் கேட்டதால் திருத்தி தாமதித்தது. எனவே இயன்றவரை வழங்கியைத் தொடாமல் உள்ளூர்த் தகவலைக் கொண்டே முடிவு செய்யும் அமைப்பு பின்னர் சேர்க்கப்பட்டது. இன்றைய திருத்திகளும் இதே உத்தியைக் கையாளுகின்றன.

மைக்ரோசாப்ட்டின் விசுவல் சோர்ஸ்சேஃப் வேறு வழியில் சென்றது. அதில் வழங்கி நிரல் இல்லை. பகிரப்பட்ட அடைவு ஒன்றே களஞ்சியமாக இருந்தது. ஒவ்வொரு நிரலாளரின் கணினியும் அவ்வடைவில் உள்ள கோப்புகளை நேரடியாகத் திறந்து எழுதியது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிணையம் அறுந்தால் களஞ்சியமே சிதைய வாய்ப்பிருந்தது. நடுவில் ஒரு வழங்கி நின்று, கோரிக்கையை முழுமையாகப் பெற்ற பின்னரே களஞ்சியத்தில் எழுதுவது ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2000இல் தொடங்கப்பட்டு 2004இல் முதற் பதிப்பு வெளிவந்த சப்வர்சன், சிவிஎஸ்ஸின் இடத்தைப் பிடித்தது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவின் மேம்பாட்டுக்காக எழுதத் தொடங்கிய கிட், 2010களில் அதனையும் பின்தள்ளியது. கிட்டில் ஒவ்வொரு நிரலாளரின் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். ஆகவே கோட்பாட்டளவில் வழங்கி தேவையில்லை. நடைமுறையில் குழுவினர் அனைவரும் சந்திக்கும் இடம் ஒன்று வேண்டியிருப்பதால் 2008இல் தொடங்கிய கிட்ஹப் போன்ற தளங்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

திருத்தி பேசும் வழிகள்

திருத்தி இரு வழிகளுள் ஒன்றைக் கையாளும். முதலாவது, கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட கட்டளைவரி நிரலை அழைத்தல். ஈமாக்ஸின் விசி இவ்வகையினது. 2015இல் அறிமுகமான விசுவல் ஸ்டுடியோ கோடும் இவ்வாறே செய்கிறது. கிட் வசதி உள்ளிணைந்தது என்று கூறப்பட்டாலும், கிட் தனியாக நிறுவப்பட்டிருந்தால்தான் அது இயங்கும். திருத்தியில் ஒரு பொத்தானை அழுத்தும்போது பின்னணியில் ஒரு கிட் கட்டளை ஓடுகிறது, அவ்வளவே.

இரண்டாவது, நெறிமுறையைத் தானே அறிந்த நிரலகம் ஒன்றைத் திருத்திக்குள் வைத்துக்கொள்ளுதல். எக்லிப்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் சிவிஎஸ் வசதி ஜாவா மொழியில் முழுமையாக எழுதப்பட்டது. சிவிஎஸ் நிறுவப்படாத கணினியிலும் இயங்கியது. சப்வர்சனுக்குச் சப்கிளிப்ஸ், சப்வர்சிவ் என்னும் செருகுநிரல்கள் இருந்தன. கிட்டுக்கான ஈகிட் செருகுநிரல் ஜேகிட் என்னும் ஜாவா நிரலகத்தின் மேல் கட்டப்பட்டது, அதன் 1.0 பதிப்பு 2011 ஜூனில் வெளிவந்தது.

எந்த வழி என்பதை அறிவது வெறும் ஆர்வத்துக்குரியது அன்று. முதல் வழியில், கட்டளைவரியில் வேலை செய்வது திருத்தியிலும் பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டாம் வழியில் அந்த உறுதி இல்லை. பழைய எக்லிப்ஸ் பதிப்புகள் எஸ்எஸ்எச் இணைப்புக்கு ஜேஎஸ்சிஎச் என்ற நிரலகத்தைப் பயன்படுத்தின. 2018இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 7.8 முதல், திறவுகோல்கள் புதிய கோப்பு வடிவில் உருவாக்கப்படுகின்றன. ஜேஎஸ்சிஎச்சின் மூலப் பதிப்புக்கு இவ்வடிவத்தைப் படிக்கத் தெரியாது. எனவே முனையத்தில் பிழையின்றி இயங்கிய அதே திறவுகோலைச் செல்லாத திறவுகோல் என்று எக்லிப்ஸ் தள்ளியது. திறவுகோலிலும் குற்றமில்லை, வழங்கியிலும் குற்றமில்லை.

முகவரி

களஞ்சியத்தின் முகவரி மூன்று செய்திகளைத் தாங்கியுள்ளது: எந்த நெறிமுறை, எந்தக் கணினி, அக்கணினியில் எந்தக் களஞ்சியம். ஒரே களஞ்சியத்துக்குப் பல முகவரிகள் இருக்கலாம். கிட் களஞ்சியம் ஒன்றை எச்டிடிபிஎஸ் வழியாகப் போர்ட் 443இலும், எஸ்எஸ்எச் வழியாகப் போர்ட் 22இலும் அணுகலாம். கிட்டின் சொந்த நெறிமுறை போர்ட் 9418ஐப் பயன்படுத்துகிறது. அதில் மறையாக்கமும் இல்லை, அடையாளச் சோதனையும் இல்லை. கிட்ஹப் 2022 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. சப்வர்சனின் சொந்த வழங்கிக்கு 3690, சிவிஎஸ்ஸின் கடவுச்சொல் வழங்கிக்கு 2401.

கல்லூரி, அலுவலகப் பிணையங்கள் பலவற்றில் வலை உலாவலுக்கான போர்ட்டுகளைத் தவிர மற்றவை அடைக்கப்பட்டிருக்கும். அங்கு எஸ்எஸ்எச் முகவரி நெடுநேரம் காத்திருந்து தோற்கும். எச்டிடிபிஎஸ் முகவரி உடனே இயங்கும். இந்த இக்கட்டுக்காகவே கிட்ஹப் போர்ட் 443இலும் எஸ்எஸ்எச் இணைப்பை ஏற்கும் தனிக் கணினிப் பெயர் ஒன்றை வைத்துள்ளது.

எஸ்எஸ்எச் முகவரியில் பயனர் பெயர் வரும் இடத்தில் தம் பெயரை இடுவது தொடக்கநிலையாளர் செய்யும் பிழை. கிட்ஹப்பில் அவ்விடத்தில் எல்லாருக்கும் கிட் என்ற ஒரே பெயர்தான். வந்தவர் யார் என்பதை அவர் காட்டும் திறவுகோலே தெரிவிக்கிறது.

அடையாளம் நிறுவுதல்

இணைப்பின் கடினமான பகுதி இதுவே. வழங்கிக்குப் பயனர் தம்மை இன்னார் என்று நிறுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஏனெனில் தட்டச்சு செய்யப்படாத கடவுச்சொல் எங்கோ சேமிக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள்.

சிவிஎஸ் இதை மிக மோசமாகக் கையாண்டது. கடவுச்சொல் பயனரின் முகப்பு அடைவில் ஒரு கோப்பில், எழுத்துக்களை மாற்றியிடும் எளிய முறையில் வைக்கப்பட்டது. பிணையத்திலும் அதே வடிவிலேயே சென்றது. தற்செயலாகக் கண்ணில் படாமல் இருப்பதைத் தவிர அதற்கு வேறு பாதுகாப்பு இல்லை. சப்வர்சன் யுனிக்ஸ் கணினிகளில் கடவுச்சொல்லை மறையாக்கமின்றியே கோப்பில் எழுதியது. 2009இல் வெளிவந்த 1.6 பதிப்பிலிருந்து அவ்வாறு எழுதுமுன் பயனரைக் கேட்கத் தொடங்கியது. 2019இல் வெளியான 1.12 பதிப்பில் இவ்வழக்கம் இயல்பமைப்பிலிருந்து நீக்கப்பட்டது.

கிட் 2012 தொடக்கத்தில் வெளியான 1.7.9 பதிப்பில் இப்பொறுப்பை வெளியிலுள்ள உதவி நிரல்களிடம் ஒப்படைத்தது. உதவி நிரலானது விண்டோசின் சான்றுப் பெட்டகம், மேக்கின் கீசெயின் போன்ற இயங்குதளப் பெட்டகங்களில் கடவுச்சொல்லை வைத்து எடுத்துத் தரும். கிட்டுடன் வரும் எளிய உதவி நிரல்கள் இரண்டு. ஒன்று நினைவகத்தில் மட்டும் 15 நிமிடங்கள் வைத்திருந்து மறந்துவிடும். மற்றொன்று வெற்றுரையாகக் கோப்பில் எழுதும். பின்னதைப் பொதுக் கணினியில் பயன்படுத்துவது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

2021 ஆகத்து 13 முதல் கிட்ஹப் கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அதன் இடத்தில் டோக்கன் எனப்படும் நீண்ட எழுத்துத்தொடரைத் தர வேண்டும். திருத்தி கடவுச்சொல் என்று கேட்கும் பெட்டியிலேயே டோக்கனை இட வேண்டியிருப்பது பலரைக் குழப்பியது. ஆயினும் டோக்கனில் ஒரு நன்மை உண்டு. எந்தக் களஞ்சியத்துக்கு, என்ன செய்ய, எத்தனை நாளுக்கு என்று வரையறுக்கலாம். களவு போனால் அதை மட்டும் செல்லாததாக்கலாம். விசுவல் ஸ்டுடியோ கோட் போன்றவை உலாவியைத் திறந்து அங்கு உள்நுழையச் செய்து டோக்கனைத் தாமே பெற்றுக்கொள்கின்றன.

எஸ்எஸ்எச் முறையில் ஒரு சோடித் திறவுகோல்கள் உருவாக்கப்படும். பொதுத் திறவுகோல் வழங்கியில் பதியப்படும். மறைத் திறவுகோல் பயனரின் கணினியை விட்டு வெளியேறுவதே இல்லை. அது தன்னிடம் இருப்பதைக் கணக்கீட்டின் மூலம் கணினி மெய்ப்பிக்கிறது. மறைத் திறவுகோலுக்கு இடப்படும் கடவுத்தொடரை முகவர் என்னும் பின்னணி நிரல் நினைவில் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் கணினிகளில் இங்கு ஒரு பொறி உண்டு. 2018 முதல் விண்டோசுடன் ஒரு எஸ்எஸ்எச் வருகிறது. கிட்டின் விண்டோஸ் நிறுவியும் தன்னுடன் ஒன்றைக் கொண்டுவருகிறது. பயனர் முதலாவதன் முகவரிடம் திறவுகோலைச் சேர்த்திருக்க, கிட் இரண்டாவதைக் கொண்டு தேடினால் திறவுகோல் கிடைக்காது. லினக்சில் இதற்கு ஒப்பானது, முனையத்திலிருந்து தொடங்கும்போது இயங்கும் திருத்தி, பட்டியலிலிருந்து சொடுக்கித் தொடங்கினால் முகவரைக் காணாமல் தவிப்பது. முகவரின் இருப்பிடத்தைக் குறிக்கும் சூழல் மாறி அங்கு வந்து சேராததே காரணம்.

இரண்டு பெயர்கள்

கிட்டில் வழங்கிக்குக் காட்டும் அடையாளமும், மாற்றத்தின் ஆசிரியராகப் பதியப்படும் பெயரும் வெவ்வேறானவை. சப்வர்சனில் ஆசிரியர் பெயரை வழங்கியே, உள்நுழைந்தவரைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. கிட்டில் அதைப் பயனரின் கணினியில் உள்ள அமைப்புக் கோப்பு தருகிறது. அதை எவரும் சரிபார்ப்பதில்லை. எவர் பெயரை இட்டாலும் கிட் ஏற்கும்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரே கணக்கில் பலர் வேலை செய்யும் கணினியில் இதன் விளைவு உடனே தெரியும். காலையில் ஒரு மாணவி தம் பெயரை அமைத்துவிட்டுச் செல்கிறார். மாலையில் வரும் மாணவரின் நிரல் அம்மாணவியின் பெயரில் பதிகிறது. உதவி நிரல் அவருடைய டோக்கனையும் வைத்திருந்தால் நிரல் அவருடைய கணக்கின் வழியாகவே வழங்கிக்கும் போய்ச்சேரும். மதிப்பெண் வழங்கும்போது யார் எழுதியது என்று வரலாற்றைப் பார்த்தால் அது தவறாகவே சொல்லும். பெயரைக் கணினி முழுமைக்கும் அமைக்காமல் அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் அமைப்பதும், எழும்போது பெட்டகத்திலிருந்து சான்றை நீக்குவதும் இதைத் தவிர்க்கும். பதிவுகளில் மறையாக்கக் கையொப்பம் இடும் வசதியும் கிட்டில் உண்டு.

வழங்கியை நம்புதல்

பயனர் தம்மை வழங்கிக்கு நிறுவுவது போலவே வழங்கியும் தன்னைப் பயனருக்கு நிறுவ வேண்டும். எச்டிடிபிஎஸ்ஸில் இதைச் சான்றிதழ் செய்கிறது. எஸ்எஸ்எச்சில் முதல் இணைப்பின்போது வழங்கியின் திறவுகோலுக்குரிய விரல்ரேகை எனப்படும் எழுத்துத்தொடர் காட்டப்பட்டு, ஏற்கலாமா என்று கேட்கப்படும். பெரும்பாலோர் படிக்காமலேயே ஆம் என்கின்றனர். ஏற்றபின் அது கணினியில் பதியப்பட்டு, பின்னர் வரும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒப்பிடப்படும். சில திருத்திகளில் இக்கேள்வியைக் காட்டும் இடமே இல்லை. அவற்றில் இணைப்பு காரணம் சொல்லாமல் தோற்கும். முனையத்தில் ஒருமுறை இணைந்து ஆம் என்ற பிறகு சரியாகிவிடும்.

2023 மார்ச் 24 அன்று இச்சோதனை உலகெங்கும் உள்ள நிரலாளர்களின் கண்ணில் பட்டது. கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ வகை மறைத் திறவுகோல், பொதுக் களஞ்சியம் ஒன்றில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதைக் கண்டு அதை மாற்றியது. பழைய திறவுகோலைப் பதிந்திருந்த கணினிகளில் எல்லாம், வழங்கியின் அடையாளம் மாறிவிட்டது, நடுவில் எவரேனும் ஒட்டுக் கேட்கக்கூடும் என்ற பெரிய எழுத்து எச்சரிக்கை தோன்றியது. எச்சரிக்கை சரியானதே, வழங்கியின் அடையாளம் உண்மையிலேயே மாறியிருந்தது. பழைய பதிவை நீக்கிப் புதியதை ஏற்பதே தீர்வு. ஆனால் ஏற்குமுன், கிட்ஹப் தன் வலைத்தளத்தில் வெளியிட்ட விரல்ரேகையுடன் ஒப்பிட வேண்டும் என்பதே இதில் முக்கியமானது. ஒப்பிடாமல் ஏற்பவருக்கு உண்மையான மாற்றமும் தாக்குதலும் ஒன்றுபோலவே தோன்றும்.

பதிதலும் தள்ளுதலும்

சப்வர்சனில் கமிட் என்றால் மாற்றம் வழங்கியைச் சேர்ந்துவிட்டது என்று பொருள். கிட்டில் கமிட் என்பது உள்ளூர்க் களஞ்சியத்தில் பதிதல் மட்டுமே. புஷ் எனப்படும் தள்ளுதல் நிகழ்ந்தால்தான் அது வழங்கிக்குச் செல்லும். திருத்தியில் கமிட் பொத்தானை அழுத்தியதும் மாற்றப்பட்ட கோப்புகளின் பட்டியல் காலியாகிவிடுவதால், எல்லாம் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது என்ற எண்ணம் எழுகிறது. மடிக்கணினி பழுதடைந்த பின்னரே, சில வார வேலை வழங்கியில் இல்லை என்பது தெரியவரும். திருத்தியின் அடிப்பட்டையில் மேல்நோக்கிய அம்புக்குறியுடன் காணப்படும் சிறிய எண், இன்னும் தள்ளப்படாத பதிவுகளின் எண்ணிக்கையாகும்.

வழங்கியில் புதியது ஏதும் உள்ளதா என்று தானாகவே பார்க்கும் வசதி விசுவல் ஸ்டுடியோ கோடில் உண்டு. இயக்கினால் இயல்பாக 180 நொடிக்கு ஒருமுறை பார்க்கும். கடவுச்சொல்லை மாற்றிய பின் பழையது பெட்டகத்தில் இருந்துவிட்டால், திருத்தி அதையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும். பலமுறை தவறினால் கணக்கைப் பூட்டும் விதியுள்ள அலுவலக வழங்கிகளில் இதனால் கணக்கே பூட்டப்படலாம்.

தவறுதலாகக் கடவுச்சொல் அடங்கிய கோப்பைத் தள்ளிவிட்டால், அதை அடுத்த பதிவில் நீக்குவது போதாது. பழைய பதிவு வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். அக்கடவுச்சொல்லை உடனே செல்லாததாக்குவதே முதலில் செய்ய வேண்டியது.

அடைவைத் திறப்பதன் இடர்

கிட் களஞ்சியத்துக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பு, சில நிரல்களை இயக்குமாறு கிட்டைப் பணிக்க முடியும். திருத்தியோ அடைவைத் திறந்த உடனே, கேட்காமலேயே கிட்டை இயக்குகிறது. எனவே பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவர் பொதுவான அடைவொன்றில் தீய களஞ்சியத்தை வைத்தால், அதற்குள் உள்ள அடைவைத் திருத்தியில் திறக்கும் மற்றொருவரின் பெயரில் அந்நிரல் இயங்கிவிடும். 2022 ஏப்ரலில் வெளியான கிட் 2.35.2 இதைத் தடுத்தது. அதன்பின், வேறு பயனருக்கு உரிமையான களஞ்சியத்தில் கிட் இயங்க மறுக்கும். வெளிவட்டுகளிலும் பகிர்ந்த அடைவுகளிலும் உள்ள களஞ்சியங்கள் திடீரெனத் திருத்தியில் தோன்றாமல் போவதற்கு இது ஒரு காரணம். குறிப்பிட்ட அடைவை நம்பத்தக்கது என்று அறிவித்துச் சரிசெய்யலாம். எல்லா அடைவுகளையும் ஒரே வரியில் நம்புமாறு அமைப்பதும் இயலும். ஆனால் அது பாதுகாப்பையே நீக்கிவிடும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் கிட் அதைக் கட்டளைவரியில் எண்களாகக் காட்டும். க என்னும் எழுத்து 340, 256, 225 என்ற மூன்று எண்ம எண்களாகத் தோன்றும். இவை அவ்வெழுத்தின் யூடிஎஃப்-8 பைட்டுகள். கோப்பு சிதையவில்லை. பெயர்களை மேற்கோளிடும் அமைப்பை அணைத்தால் தமிழ் தெரியும்.

இதைவிடத் தொல்லையானது ஒகரம். யூனிகோடில் கொ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், எகரக் கொம்பும் கால் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடு இராது. மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. எனவே லினக்சில் சேர்க்கப்பட்ட ஒரு கோப்பு, மேக்கில் திருத்தியின் பட்டியலில் ஒரே பெயரில் இரு கோப்புகள் போலத் தோன்றியது. 2012இல் வெளிவந்த கிட் 1.7.12 இத்தகைய பெயர்களை ஒன்றுசேர்த்த வடிவுக்கு மாற்றும் அமைப்பைக் கொண்டுவந்தது.

பிழை காணல்

திருத்தியில் இணைப்பு தோற்றால் முனையத்தில் அதே களஞ்சியத்திலிருந்து மாற்றங்களைப் பெற முயல்வது முதற்படி. அங்கும் தோற்றால் திருத்தியை மறந்துவிடலாம். முகவரி, போர்ட், திறவுகோல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கு வென்று திருத்தியில் மட்டும் தோற்றால், திருத்தி வேறு கிட்டையோ வேறு எஸ்எஸ்எச்சையோ பயன்படுத்துகிறது, அல்லது சூழல் மாறிகள் அதற்குக் கிடைக்கவில்லை. எஸ்எஸ்எச் நிரலை விரிவான செய்திகளுடன் இயக்கினால் எந்தத் திறவுகோல் காட்டப்பட்டது, வழங்கி எதை மறுத்தது என்பன வரிசையாகத் தெரியும். விசுவல் ஸ்டுடியோ கோடின் வெளியீட்டுப் பலகத்தில் கிட் என்பதைத் தெரிந்தால், அது இயக்கிய ஒவ்வொரு கட்டளையையும் காணலாம். எக்லிப்ஸில் பிழைப் பதிவேடு இதற்கு உதவும்.